அரிசிப் பின்னலும் நம் கல்லூரியும்

கைத்தொழிலின் பெருமையைப் பேசுவோர் நம் நாட்டிற் பலர். கையில் ஊசியெடுத்து ஒரு வரிசை பின்னிப் பார்த்தவர் சிலர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியை மேடையில் எடுத்து மொழிவோரும், மேடையைவிட்டு இறங்கியவுடன் அதனை மறந்துவிடுகின்றனர். யாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவராகவே நெடுநாள் இருந்தோம். சென்ற விடுமுறையில் எம்மிற் சிலர் ஒருங்குகூடி ஒரு சிறு பின்னல்வேலையைக் கற்றுக்கொண்ட பின்னரே, இப்பொருளைப்பற்றி எழுதும் உரிமை எமக்கு ஓரளவு உண்டாயிற்று. அவ்வுரிமை கொண்டு, நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும், ஆணாயினும் பெண்ணாயினும், வாரத்தில் ஒரு மணி நேரம் இத்தொழிலைப் பயிலுதல் நன்று என்னும் எம் கருத்தை ஈண்டு வெளியிடத் துணிகின்றோம்.

முதற்கண் நாம் வாழும் இடத்தைச் சிறிது நோக்குவோம். ஓசூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் உள்ள ஊர்; மார்கழிப் பனியில் விடியற்காலம் போர்வையை விட்டெழ மனம் வாராது. 1824-ஆம் ஆண்டில் தொடங்கிய மத்திகிரிக் கால்நடைப் பண்ணையாலும், வயல்களாலும் தோட்டங்களாலும் அறியப்பட்டிருந்த இவ்வூர், 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததிலிருந்து வேறு முகம் பெற்றது. சுமையுந்துகளும் இருசக்கர வண்டிகளும் இங்கே உருவாகின்றன. 1980களில் கைக்கடிகாரத் தொழிலும் வந்து சேர்ந்தது. இந்நாளிலோ கைப்பேசியின் உறுப்புக்களைச் செய்யும் ஆலைகளில் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் உழைக்கின்றனர். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. ஜூஜுவாடியைக் கடந்து அத்திப்பள்ளிக்குள் காலெடுத்து வைத்தால் கருநாடகம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பேருந்தில் ஒரே பலகையில் அமர்ந்து செல்லும் எல்லை நாடு இது.

நம் மாணவரிற் பலருடைய தந்தையரும் தமக்கையரும் அவ்வாலைகளிற் பணிபுரிவோர். அவர்கள் உழைப்பினாலேயே நாம் இங்குக் கற்கின்றோம். அதனை மறப்பது நன்றியன்று. ஆயினும் அவ்வுழைப்பின் இயல்பை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவர் எட்டு மணி நேரம் ஒரே திருகாணியை முடுக்குகின்றார். மற்றொருவர் ஒரே தகட்டை ஒரே துளையிற் பொருத்துகின்றார். முழுப் பொருள் எங்கோ ஒரு கோடியில் உருவாகி, யாரோ ஒருவர் கையை அடைகின்றது. தொடக்கமும் முடிவும் தம் கையாலேயே ஆன பொருள் ஒன்றையேனும் செய்து பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பு, ஆலையில் உழைப்பாருக்கும் இல்லை. ஏட்டை மட்டும் புரட்டும் நமக்கும் இல்லை. இக்குறையை ஓரளவு நீக்கவல்ல எளிய வழிகளுள் ஒன்றே யாம் இங்குக் கூறப்போகும் பின்னல்.

பின்னல்வேலைக்கு வேண்டுவன இரண்டு ஊசியும் ஒரு நூலுமே. கண்ணியும் இரண்டே வகைப்படும். நூலைப் பின்னே வைத்து, கண்ணிக்குள் ஊசியை முன்னிருந்து பின்னாகச் செலுத்தி, புதுக் கண்ணியை நம் பக்கமாக இழுப்பது ஒன்று. இதனை நேர்க்கண்ணி என்போம். நூலை முன்னே கொண்டுவந்து, ஊசியைப் பின்னிருந்து முன்னாகச் செலுத்தி, புதுக் கண்ணியை அப்பாலே தள்ளுவது மற்றொன்று. இதனை மாற்றுக்கண்ணி என்போம். பழகினோர் இவற்றை நிட் என்றும் பர்ல் என்றும் ஆங்கிலப் பெயராலேயே வழங்குவர். உண்மையில் இவை இரண்டல்ல, ஒன்றே. ஒரு பக்கத்தில் நேர்க்கண்ணியாய்த் தோன்றுவது மறுபக்கத்தில் மாற்றுக்கண்ணியாய்த் தோன்றும். நேர்க்கண்ணியின் முகம் வழவழப்பானது; மாற்றுக்கண்ணியின் முகத்தில் ஒரு சிறு முடிச்சுப்போன்ற மேடு நிற்கும். உலகில் உள்ள ஊசிப்பின்னற் கோலங்களுட் பெரும்பாலானவை இவ்விரண்டின் சேர்க்கையே.

நேர்க்கண்ணி முகமெல்லாம் ஒரே பக்கத்தில் வருமாறு பின்னினால், நாம் அணியும் பனியனைப் போன்ற துணி கிடைக்கும். அது மென்மையானது; ஆனால் அடங்காதது. அதன் இருமருங்கும் பின்புறமாகச் சுருளும். மேலும் கீழும் முன்புறமாகச் சுருளும். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கவும், மேசைமேல் விரிக்கவும் அது உதவாது. இரு முகங்களின் இழுப்பும் சமமாக இல்லாமையே அச்சுருளுக்குக் காரணம். அவ்விழுப்பைச் சமமாக்கிவிட்டால் துணி தானே படிந்து கிடக்கும். அதனைச் செய்வதே அரிசிப் பின்னல்.

இதன் விதி மிகச் சிறியது. ஒற்றைப்படை எண்ணாகக் கண்ணிகளை ஊசியில் ஏற்றுக. 31 என்று வைத்துக்கொள்வோம். முதற் கண்ணி நேர், அடுத்தது மாற்று, அடுத்தது நேர் என்று மாறி மாறிப் பின்னுக. முதலும் நேராய் இறுதியும் நேராய் வரிசை முடியும். ஊசியைத் திருப்பி அடுத்த வரிசையையும் அவ்வாறே நேரில் தொடங்குக. அவ்வளவே. ஒவ்வொரு வரிசையும் ஒன்றுபோலவே பின்னப்படினும், திருப்பிப் பிடித்தமையால் நேர்முகத்தின்மேல் மேடும், மேட்டின்மேல் நேர்முகமும் வந்து அமையும். இடைப்புள்ளிக் கோலத்தில் ஒரு வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி நிற்பதை நம் இல்லங்களில் நாள்தோறும் காண்கின்றோம். அதுவே இங்கு நூலால் ஆகின்றது. துணியின் இரு பக்கமும் அரிசி தூவியதுபோல் ஒருபடித்தாய் விளங்கும். ஆங்கிலேயர் இதனை விதைப் பின்னல், பாசிப் பின்னல் எனப் பெயரிட்டழைப்பர். பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் அரிசியின் பெயராலேயே வழங்குகின்றனர். சோறுண்ணும் நமக்கு அப்பெயரே பொருத்தமாகும் எனக்கொண்டு யாமும் அரிசிப் பின்னல் என்றே கூறினோம்.

இஃது உறுதியானது, இருபுறத்தும் மேடுகள் இருத்தலின் தடித்தது, மேடுகளுக்கிடையே காற்றுத் தங்குதலின் வெப்பத்தைத் தாங்குவது, ஓரம் சுருளாதது. இப்பண்புகளாலேயே கரித்துணிக்கும், பிரிமணைமேல் இடும் விரிப்புக்கும், மிதியடிக்கும், காய்கறிப் பைக்கும், இருக்கை விரிப்புக்கும் ஏற்றதாகின்றது. பிரிட்டன் நாட்டுக் கடற்கரை மீனவர்கள் காற்றையும் நீரையும் தடுக்கும்பொருட்டு நெருக்கமாகப் பின்னி அணிந்த கம்பளிச் சட்டைகளின் மார்பிலும் தோளிலும் இவ்வகைப் பின்னல்கள் பயின்றுவந்தன. அழகுக்காக மட்டுமன்றி, உழைக்கும் உடம்பின் தேவைக்காகவும் அவை வழங்கின என்பதை நாம் கருத வேண்டும்.

இனி யாம் கற்ற கதையைக் கூறுவோம். ஊசிக்கு மூங்கிற் குச்சிகளைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினோம். 5 மில்லிமீட்டர் கனம் போதுமானதாயிருந்தது. நூலுக்குப் பருத்தி நூல் பல இழைகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டோம். முதல் நாள் எம்முள் ஒருவரேனும் 31 கண்ணியோடு முடிக்கவில்லை. சிலருக்கு 34 ஆயிற்று. ஒருவருக்கு 40 ஆயிற்று. நேரிலிருந்து மாற்றுக்கு வரும்போது நூலை இரண்டு ஊசிகளுக்கும் இடையே முன்னும் பின்னும் கொண்டுசெல்ல வேண்டும். மறந்து ஊசியின்மேலாகக் கொண்டுசென்றால் வேண்டாத கண்ணியொன்று பிறந்து, அடுத்த வரிசையில் ஓட்டையாய்ப் பல்லிளிக்கும். வேறு சிலர் நேரின்மேல் நேரும், மேட்டின்மேல் மேடுமாகப் பின்னிவிட்டனர். அரிசி தோன்ற வேண்டிய இடத்தில் காலுறையின் கழுத்துப்பட்டிபோல் செங்குத்தான வரைகள் தோன்றித் துணி குறுகிப்போயிற்று.

இவற்றிலிருந்து யாம் அறிந்த பாடம் ஒன்றுண்டு. பிழையைத் துணி உடனே காட்டிவிடுகின்றது. தேர்வுத்தாளில் நாம் செய்த பிழையை மாதங்கள் கழிந்தபின் வேறொருவர் காட்ட அறிகின்றோம். சில வேளைகளில் அறியாமலே போகின்றோம். இங்கோ விரல் நுனியே ஆசிரியராகி, முதற் பிழையிலேயே நம்மை நிறுத்துகின்றது. பிரிக்க மனமில்லாது மேலே பின்னியவர் இறுதியில் அனைத்தையும் பிரிக்க நேர்ந்தது. உடனே பிரித்தவர் ஒரு வரிசையோடு தப்பினர். நான்காம் நாள் எம் அனைவர் கையிலும் ஏழெட்டு அங்குலச் சதுரம் ஒவ்வொன்று இருந்தது. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்துக் கரித்துணியாக்கி, விடுதிச் சமையற்கட்டுக்கு அளித்தோம். சோற்றுப் பானையை இறக்கும் அம்மையார் அதனைப் பெற்றுக்கொண்டு, பழைய வேட்டிக் கிழிசலைத் தூர வைத்தபோது எமக்குண்டான மகிழ்ச்சி, எத்தனை மதிப்பெண் பெறினும் உண்டாகாது.

கற்பவர் அறியவேண்டுவன சில உள. சூடான பாத்திரத்துக்குப் பருத்தியோ கம்பளியோ கொள்க. அக்ரிலிக், பாலியெஸ்டர் போன்ற செயற்கை நூல்கள் சூட்டில் உருகிக் கையைச் சுடும். ஈரத்துணி வெப்பத்தை விரைந்து கடத்துமாதலின் உலர்ந்ததையே பயன்படுத்துக. பருத்தி முதற் சலவையிற் சிறிது சுருங்கும். அதற்கேற்பச் சற்றுப் பெரிதாகப் பின்னுக. பழம் பனியன்களை அங்குல அகலப் பட்டைகளாக வெட்டி இழுத்தால், அவற்றின் ஓரம் தானே சுருண்டு தடித்த கயிறாகும். பெரிய ஊசிகொண்டு அதனால் மிதியடி பின்னலாம். பனியனின் அடங்காமையை மேலே குறை கூறினோம். அக்குறையே இங்கு நிறையாகின்றது.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவன யாவை? வெப்ப நாட்டில் கம்பளிப் பின்னல் எதற்கு என்பர் சிலர். ஓசூர்க் குளிரை அறிந்தோர் அவ்வாறு கூறார். அன்றியும், பின்னல் கம்பளிக்கே உரியதன்று. இன்று கிடைத்துள்ள மிகப் பழைய ஊசிப்பின்னற் பொருள்களுள், எகிப்து நாட்டில் 11-ஆம் நூற்றாண்டு முதல் 14-ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தன என மதிப்பிடப்படும் பருத்திக் காலுறைகள் சிறந்து நிற்கின்றன. வெயில் நாட்டில் பருத்தியால் வளர்ந்த தொழிலை, வெயில் நாட்டில் பருத்தி விளைக்கும் நாம் அயலாருடையது என்பது எங்ஙனம்?

இது பெண்டிர் வேலை என்பர் வேறு சிலர். ஐரோப்பாவில் ஆல்சாஸ் முதலிய பகுதிகளில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பின்னல் தொழிற்குழுவினர் ஆடவரே. தலைமைத் தொழிலாளியாக விரும்புவோன் பின்னற் கம்பளம் ஒன்றைத் தன் திறமைக்குச் சான்றாகச் செய்து காட்டவேண்டியிருந்தது. நம் நாட்டிலும் தறியில் அமர்ந்தவரும், வலை முடைந்தவரும், கூடை பின்னியவரும் பெண்டிர் மட்டுமல்லர். சட்டி இரு பாலார் கையையும் ஒரே வண்ணம் சுடும். ஆகவே கரித்துணியையும் இரு பாலாரும் பின்னலாம்.

இயந்திரம் இருக்கக் கையேன் என்பது மூன்றாம் மறுப்பு. இதுவே வலியது. 1589-ஆம் ஆண்டிலேயே வில்லியம் லீ என்னும் ஆங்கிலேயர் காலுறை பின்னும் பொறியை அமைத்தார். நம் திருப்பூரில் பின்னற் பொறிகள் பெருகி நிற்கின்றன. கரூரின் வீட்டுத்துணிகள் கடல்கடந்து செல்கின்றன. அவற்றோடு விலையிற் போட்டியிடக் கைப்பின்னலால் இயலாது. கணக்கிட்டுப் பார்ப்போம். 31 கண்ணி அகலமும் 50 வரிசை உயரமும் உள்ள சதுரத்தில் 1550 கண்ணிகள் உள்ளன. நிமிடத்துக்கு 15 கண்ணி பின்னுவோருக்கு அது 103 நிமிட வேலை. இரட்டைத் துணிக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். கடைத்தெருவில் அதுபோன்றது சிறு விலைக்குக் கிடைக்கும்போது, அம்மூன்றரை மணி நேரத்துக்குக் கூலி எங்கிருந்து வரும்?

இக்கேள்வியை மறைத்துவிட்டுக் கைத்தொழிலைப் புகழ்வது நேர்மையன்று என்று கருதுகின்றோம். ஏனெனில் நம் நாட்டு வரலாறு இருபுறமும் சான்று பகர்கின்றது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குச் சரிகைப்பின்னலாகிய லேஸ் வேலையைக் கற்பித்தார். அவர் மகளும் கால்டுவெல் ஐயரின் துணைவியுமாகிய எலைசா அம்மையார் அத்தொழிலை இடையன்குடியிற் பரப்பினார். திருவிதாங்கூரில் அடிமைகளாய் இருந்த பெண்கள் சிலர், அவ்வேலையால் ஈட்டிய பொருளைக் கொடுத்துத் தம் விடுதலையைப் பெற்றனர் என்பது அக்கால வரலாறு. இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் காண்போம். ஆந்திர நாட்டு நர்சாபூரில் லேஸ் பின்னும் பெண்களைப்பற்றி மரியா மீஸ் என்னும் அறிஞர் 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். உலகச் சந்தைக்காக நாள் முழுதும் உழைத்த அப்பெண்கள், வீட்டில் ஓய்வு நேரத்தைக் கழிக்கும் இல்லத்தரசிகள் என்றே எண்ணப்பட்டனர். அவ்வெண்ணத்தைக் காரணங்காட்டியே அவர்களுடைய கூலி மிகத் தாழ்ந்திருந்தது என்பதை அந்நூல் விளக்குகின்றது. ஒரே ஊசிதான், ஓரிடத்தில் விலங்கை அறுத்தது, ஓரிடத்தில் விலங்காயிற்று.

ஆதலின் எம் கருத்து இது: அரிசிப் பின்னலைப் பிழைப்புக்கு வழி என்று ஏழைப் பெண்களிடம் எவரும் கூறற்க. விற்பதாயின், சென்ற மணிக்கணக்கை விலையோடு சேர்த்தெழுதி விற்க. அவ்விலை கிடைக்காவிடின் விற்காது ஒழிக. தம் வீட்டுக்கும் தம் நண்பர்க்கும் விரும்பிச் செய்வதற்கே அதனைக் கற்பிக்க வேண்டும்.

இன்னொரு குரலும் நம் செவியில் விழுகின்றது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த இராஜாஜி, சென்னை மாநில முதலமைச்சராய் இருந்தபோது 1953-இல் ஒரு கல்வித்திட்டத்தைக் கொணர்ந்தார். தொடக்கப்பள்ளிச் சிறுவர் அரைநாள் பள்ளியிற் கற்று, எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைப் பழக வேண்டும் என்பது அதன் சாரம். பிறப்பின்வழித் தொழிலைப் பிணிக்கின்றது என்று எழுந்த பெரும் எதிர்ப்பினால், காமராசர் முதலமைச்சரான பின்னர் 1954-இல் அது கைவிடப்பட்டது. கைத்தொழிற் கல்வி என்றவுடன் நம்மவர் சிலர் முகஞ்சுளிப்பதற்கு அந்நினைவும் காரணமாகும், அச்சுளிப்பு நியாயமானதே. எனவே யாம் வேண்டுவது அதற்கு நேர்மாறானது. தந்தையின் தொழிலை மகன் பழக வேண்டுவதில்லை. எவருடைய குலத்தொழிலும் ஆகாத ஒன்றை எல்லாக் குலத்தாரும் ஒரே பலகையில் அமர்ந்து பழக வேண்டும். பாடவேளையைக் குறைத்தன்று, பாடவேளைக்கு வெளியே. கட்டாயத்தாலன்று, அழைப்பினால்.

நம் எல்லை நாட்டுக்கு இதனால் மற்றுமொரு நலம் உண்டு. தமிழிற் பின்னல் என்பது தெலுங்கில் அல்லிக, கன்னடத்தில் ஹெணிகெ. எம் கூட்டத்தில் இம்மூன்று சொல்லும் ஒலித்தன. மொழியாற் சொல்ல முடியாதபோது ஒருவர் மற்றவர் விரலைப் பிடித்துக் காட்டினார். இலக்கணம் தடுத்ததைக் கண்ணி இணைத்தது.

இனி, செய்யத்தக்கன யாவை? ஆசிரியப் பெருமக்கள் வாரந்தோறும் ஒரு மாலைப்பொழுதும் ஓர் அறையும் அளித்தருள்க. திருப்பூரிலும் கரூரிலும் ஆலைகளில் அலுவல் பார்க்கும் பழைய மாணவர்கள், எஞ்சிய பருத்தி நூலையும் வெட்டுத்துணியையும் முறைப்படி இசைவு பெற்று அனுப்பி உதவுக. புதிதாய்ச் சேரும் மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டு முடிவதற்குள் ஓரிணைக் கரித்துணி பின்னி, ஆலையில் இரவுமுறை முடித்து வந்து அடுப்பு மூட்டும் தம் தாய்க்கோ, தமக்கைக்கோ, தாமே சமைத்துண்ணும் தமையனுக்கோ கொடுக்க. பணத்துக்கு அளவாகாத பொருள் ஒன்றேனும் நம் கையாற் பிறந்து, நமக்காக உழைத்த கையைச் சூட்டினின்றும் காக்கட்டும்.

31 கண்ணியில் தொடங்குவோம். பிழை நேர்ந்தால் நாணாது பிரிப்போம். பிரித்தபின் மீண்டும் பின்னுவோம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். கண்ணிமேற் கண்ணி வைத்தால் கரித்துணி ஆகாது போமோ?